நான்கு எலுமிச்சம்பழங்களும் ஒரு ஜேக்கும்

என் கணவர் இந்த வார இறுதியில் காரைத் தூக்கும் ஜேக் ஒன்று வாங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார். எண்ணெய் மாற்றுவதற்கெல்லாம் பட்டறைக்குப் போக வேண்டுமா என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். நானும் சரி என்றேன். பிறகு பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, சரி என்றது சரிதானா என்று யோசிக்கத் தொடங்கினேன். கடையிலிருந்து அவர் கொண்டுவந்த விளம்பரத் தாளை எடுத்துப் படித்தேன். எத்தனை டன் தூக்கும் என்று போட்டிருந்தார்கள். தூக்கியதை இறக்காமல் எவ்வளவு நேரம் வைத்திருக்கும் என்று போடவில்லை. அந்தக் கேள்வி என்னுடையதில்லை, என் அம்மாவுடையது என்று அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எழுபதுகளில் நாங்கள் கிள்ளானில், வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். பழைய ஜப்பான் கார் ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் அடியில் படுத்து எதையாவது கழற்றி மாட்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. வாரம் முழுவதும் யார் யாரோ சொல்வதைக் கேட்டு நடப்பவர், காருக்கு அடியில் மட்டும் தானே ராஜா என்று நினைத்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிறு, காரோடு வந்த சின்ன ஜேக் சாய்ந்துவிட்டது. சக்கரம் கழற்றிய நிலையில் கார் சடாரென்று தரையில் உட்கார்ந்தது. அப்பாவின் கைக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா வந்து பார்த்தார். கத்தவில்லை. "இனிமே இதுக்கு அடியில போகக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஈரத் துணியோடு உள்ளே போய்விட்டார். அப்பாவின் முகம் விளையாட்டுச் சாமானைப் பிடுங்கிக்கொண்ட பிள்ளையின் முகம் மாதிரி ஆகிவிட்டது.

சமாதானம் பேச பிரிக்பீல்ட்ஸிலிருந்து மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் அவர் சம்பளக் கணக்கு எழுதினார். பெட்டிகளை அவர் தொட்டதுகூட இல்லை. ஆனாலும் தூக்குவது, இறக்குவது தொடர்பான எல்லா விஷயங்களிலும் எங்கள் வீட்டில் அவர் சொன்னதுதான் முடிவு.

"குத்தம் மாப்பிள்ளை மேல இல்லைம்மா, ஜேக் மேல. சக்கரம் வெச்ச ஜேக் ஒன்னு இருக்கு. தரையில தள்ளிக்கிட்டுப் போயி அடியில வெச்சா, ஆனையையே தூக்கும்."

"தூக்கட்டும் அண்ணே. இறங்காம இருக்குமா?"

அதைக் கடையிலேயே கேட்டுவிடலாம் என்றார் மாமா. அதனால் சனிக்கிழமை எல்லாரும் கடைக்குப் போனோம். அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பியதுதான் அப்பாவுக்கு ஆச்சரியம்.

கடை, பழைய டயர் வாசனையோடு இருட்டாக இருந்தது. கடை முதலாளியான சீனத் தவுக்கே ரப்பர் தோட்டத்துத் தமிழரோடு வளர்ந்தவர் போலும், உடைந்த தமிழ் பேசினார். இரண்டு ஜேக்குகளை இழுத்துப் போட்டார். ஒன்று சிவப்பு, பளபளவென்று குட்டையாக இருந்தது. மற்றது நீளமானது, மங்கிய நீலம், முதலை மாதிரி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. மாமாவுக்குப் பார்த்தவுடன் சிவப்பு பிடித்துவிட்டது.

"அக்கா, ரெண்டும் நல்லா சாமான் லா" என்றார் தவுக்கே.

"இறங்குமா?" என்றார் அம்மா.

தவுக்கே சிரித்தார். வாசலில் நின்ற தம்முடைய லோரியைச் சிவப்பு ஜேக்கால் தூக்கி நிறுத்தினார். அப்பா ஒரு காலி எண்ணெய் டின்னை எடுத்துவந்து லோரியின் பம்பரோடு ஒட்டினாற்போல நிற்க வைத்து, டின்னின் மேல் பம்பரின் உயரத்துக்குச் சாக்குக்கட்டியால் ஒரு கோடு கிழித்தார். அதைப் பார்த்துக்கொண்டே இருப்பது என் வேலை. பெரியவர்கள் மூவரும் தேநீர் குடித்தார்கள். கண்ணை எடுக்காமல்தான் பார்த்தேன், அசைவே தெரியவில்லை. ஆனால் கடிகாரத்தின் சின்ன முள் மாதிரி, பார்க்காத ஏதோ ஒரு நொடியில் பம்பர் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. என் கண்ணை ஏமாற்றிவிட்டு லோரியால் எப்படி இறங்க முடிந்தது என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

"இறங்கிடுச்சுப்பா!"

"அது சும்மா, கொஞ்சம் தூங்குது" என்றார் தவுக்கே, வெட்கமே இல்லாமல்.

"அடியில ஆள் இருக்கறப்ப தூங்கக்கூடாது பாருங்க" என்றார் அம்மா.

நீல ஜேக்கை வைத்தபோது கைப்பிடியை என்னிடம் கொடுத்தார்கள். நான் அழுத்த அழுத்த லோரி மேலே வந்தது. நான்! பள்ளிக்கூடப் பையையே முனகிக்கொண்டு தூக்குகிறவள். உள்ளே இருக்கும் எண்ணெய்தான் தூக்குகிறது என்றார் அப்பா. எங்கள் சமையலறையில் வடையை மிதக்க வைப்பதைத் தவிர வேறொன்றும் செய்யாத எண்ணெய், இங்கே லோரியைத் தூக்கியது. இந்த முறை கோடு அசையவில்லை. இன்னொரு தேநீர் குடித்தும் அசையவில்லை.

அம்மா விடவில்லை. "தவுக்கே, இத நம்பி நீங்க அடியில போவீங்களா?"

"ஐயோ அக்கா, நான் விக்கிற ஆளு!" என்று கையை ஆட்டினார் அவர். பிறகு மூலையிலிருந்து முக்காலி போன்ற இரண்டு இரும்புத் தாங்கிகளைக் காலால் தள்ளிக் காட்டினார். "ஜேக் தூக்கும். புடிச்சிக்கிறது இது. இது வெச்சா போலாம்." வீட்டில் மரக்கட்டை இருக்கிறது என்று அப்பா இழுத்தார். அம்மா ஒரு தாங்கியைத் தாமே தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.

மறுநாள் காலை, வாங்கிவந்த நீல ஜேக்குக்குப் பூஜை போட அம்மா நான்கு எலுமிச்சம்பழங்களோடு வந்தார். புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்து ஏற்றி நசுக்குவது எங்கள் வழக்கம். "இது வண்டி இல்ல, சாமான்" என்றார் அப்பா. "நாலு சக்கரம் இருக்குல்ல?" என்றார் அம்மா. மாமா ஜேக்கைச் சுற்றிவந்து பார்த்து, இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார்.

திருநீறு பூசி, பொட்டு வைத்து, ஜேக்கைப் பழங்களின் மேலாகக் காருக்கு அடியில் உருட்டினோம். முன்னால் இருந்த இரண்டும் நசுங்கின. பின்சக்கரங்கள் சின்னவை. பழத்தின் மேல் ஏற முடியாமல் முட்டிக்கொண்டு நின்றன. எடுத்துவிடலாமா என்றார் அப்பா. நசுங்காத பழத்தை எடுத்தால் ஆகாது என்றார் அம்மா. "கனம் ஏறினா தானா நசுங்கும் மாப்பிள்ளே, விடுங்க" என்றார் மாமா.

அப்பா காரின் பின்சக்கரங்களுக்குச் செங்கல் கொடுத்துவிட்டு, கைப்பிடியை அழுத்தினார். காரின் மூக்கு உயர்ந்தது. நன்றாக உயர்ந்த பிறகு ஜேக்கின் தலை கிரீச்சென்று இழுபட்டது. தாங்கியை எடுக்க அப்பா திரும்பினார். டமாரென்று கார் இறங்கியது. நசுங்கிய எலுமிச்சை வாசனை மட்டும் குளிர்ச்சியாக வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

முதலில் வாய் திறந்தவர் மாமாதான். "பார்த்தியா, வர இருந்தத பழம் வாங்கிக்கிச்சு!"

"பழத்தாலதான் மச்சான் வந்துச்சு" என்றார் அப்பா.

எனக்கு இரண்டுமே உண்மை போலத் தோன்றின. எப்படி என்று அப்பாவை நச்சரித்தேன். அவர் தரையில் முழங்கையை ஊன்றி, கையை மெல்ல உயர்த்திக் காட்டினார். கை நேராக மேலே போகவில்லை, வளைந்து பின்னால் போனது. ஜேக்கின் கையும் அப்படித்தானாம். அது வளைய வளைய, சக்கரம் உருண்டு முன்னால் போய்ச் சரிசெய்துகொள்ள வேண்டும். கார் செங்கல்லில் நிற்கிறது, சக்கரத்தைப் பழம் பிடித்துக்கொண்டது. இரண்டும் நகர முடியாதபோது வழுக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. நானும் முழங்கையை ஊன்றிப் பார்த்தேன். புரிந்துவிட்டது. மாமாவுக்குக்கூடப் புரியாத ஒன்று எனக்குப் புரிந்துவிட்டது என்று நெஞ்சு விரிந்தது.

அம்மா ஜேக்கைப் புரட்டச் சொன்னார். கொண்டை ஊசியை எடுத்து, சக்கரங்களின் இடுக்கில் இருந்த தோலையும் விதையையும் ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தார். ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுற்றிவிட்டு, அது தானாக நிற்கும் வரை பார்த்தார். இனி அடியில் போகக்கூடாது என்று சொல்லப்போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அப்பா கையில் இருந்த துணியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"சரி, தூக்குங்க" என்றார் அம்மா.

இந்த முறை ஜேக் காருக்கு அடியில் தடையில்லாமல் உருண்டு போனது. தாங்கிகளை வைத்தார்கள். அப்பா படுத்து உள்ளே நகர்ந்தார். முகம் மறைந்து, கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அம்மா சமையலறை முக்காலியைக் கொண்டுவந்து அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மடியில் நெத்திலித் தட்டு. தலை கிள்ளிக்கொண்டே, "என்னாங்க, ரசத்துக்கு எவ்வளவு உப்பு போடறது?" என்றார்.

"ரெண்டு கரண்டி" என்றது காரின் அடியிலிருந்து ஒரு குரல்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா அடுப்பங்கரைப் பக்கமே போனதில்லை. இரண்டு கரண்டி உப்புப் போட்டால் ரசத்தை வாயில் வைக்க முடியாது. அம்மா "சரி" என்றார். எழுந்திருக்கவும் இல்லை. இன்னும் கொஞ்சம் நெத்திலி கிள்ளிவிட்டு, "நாளைக்கு என்ன கிழமை?" என்றார். பிறகு எதிர்வீட்டுக்காரர் மாற்றலாகிப் போனது சுங்கை பூலோவுக்கா, சுங்கை வேக்கா என்று கேட்டார். அவர்களை வழியனுப்பச் சோறு கட்டிக்கொடுத்ததே அம்மாதான். பதில் வரத் தாமதமானால், கையில் இருந்த நெத்திலி அப்படியே நிற்கும். அதே கேள்வியைச் சத்தமாகக் கேட்பார்.

ஜேக்கின் சூட்சுமம் எனக்கே புரிந்துவிட்டது, அம்மாவுக்கு இன்னும் கிழமைகூடத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. திங்கட்கிழமை அம்மா, என்று நானே சொல்லிவிட்டேன்.

"உன்னையா கேட்டேன்?" என்றார் அம்மா, அந்தக் கால்களிலிருந்து பார்வையை எடுக்காமல்.