தெரியலன்னா உள்ள வா

என் பெண்டாட்டிக்கு ஊர் வைத்த பெயர் மந்திரக்காரி. மேடையில் பெட்டிக்குள் படுத்து அறுபடும் பெண்ணாக இருந்தவள், அறுக்கிறவனைவிடத் தனக்கு மூளை அதிகம் என்று ஒருநாள் எழுந்து வந்துவிட்டாள். என் தையல் கடை மாடியில் மேஜிக் பள்ளிக்கூடம் தொடங்கினாள். கோட்டுகளில் ரகசியப் பை தைப்பது நான். பேர் வாங்குவது அவள்.

சேர வருகிறவர்கள் முன்னால் ஒரு சிவப்புப் பட்டனை உள்ளங்கையில் வைத்து மறைப்பாள். “எங்க போச்சு?” என்பாள். வாய்க்கு வந்ததை அளந்துவிடுகிறவர்கள் வந்த வழியே இறங்க வேண்டியதுதான். “தெரியலம்மா” என்கிறவரிடம் மட்டும், “சட்டைக் கையை மடிச்சுட்டு உள்ள வா” என்பாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவனுக்குத்தான் அறிவு ஏறும் என்பது அவள் கட்சி. வீட்டில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை, அது வேறு விஷயம்.

எங்கள் மகளுக்கு அங்கேதான் படிக்க ஆசை. ஆனால் தவழும் வயதிலிருந்தே பட்டன் வித்தையைப் பார்த்தவள் அவள். “உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, இங்க என்ன வேலை?” என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பினாள் தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பெண்ணிடமா சட்டம் பேசுவது?

வெளியூர் போய்விடுவதென்று பெட்டி கட்டிய அன்று மகள் மாடியேறினாள். நானும் பின்னாலேயே போனேன்.

“இன்னைக்கு நான் மறைக்கிறேன். நீ சொல்லு.”

பட்டனை மூடிய கையைத் தாயின் தோளைச் சுற்றிப் போட்டு எடுத்தாள். விரித்தால் வெறுங்கை. என் மனைவி மகளின் சட்டைக் கை, இடுப்பு, கொண்டை எல்லாம் தேடினாள். தன் கோட்டுக் காலரின் பின்பக்கத்தை மட்டும் தொடவில்லை. முந்தின நாள் நான் அங்கே ஒரு சின்னப் பை தைத்திருந்தேன்.

கடைசியில், “தெரியலடி” என்றாள்.

மகள் சிரிக்கவில்லை. “எனக்கும் ஒண்ணு தெரியலம்மா. எல்லாப் பிள்ளைங்களுக்கும் திறக்கிற கதவு எனக்கு மட்டும் ஏன் திறக்கல?”

எதற்கும் பதில் வைத்திருப்பவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

“சட்டைக் கையை மடிச்சுட்டு உள்ள வா” என்றாள்.

மாலையில் கோட்டைக் கழற்றும்போது பட்டன் தரையில் உருண்டது. காலர் தையலைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இது யாரு வேலை?”

“தெரியலம்மா” என்று சொல்லிவிட்டு, நான் என் சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்தேன்.