உபவாசத்தில் போட்ட சத்து மாத்திரை

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து கால உபவாசத்தில் தெம்பாக இருக்கட்டும் என்று தினமும் காலையில் ஒரு சத்து மாத்திரை போட்டுவந்தேன். வந்ததோ குமட்டலும் அசதியும்தான். பெரிய வெள்ளி ஆராதனையில் தனிப்பாடல் என்னுடையது. நின்று பாட முடியுமா என்றே பயம் வந்துவிட்டது.

இன்று ஆம்பூர் மருந்துக் கடை பாய் முன்னால் புட்டியை வைத்தேன்.

"இன்னா பாய், அசதி ஜாஸ்தியாய்ட்சே! உள்ள இருந்த சீட்டை அகராதி வச்சிப் படிச்சேன். அசதி வரலாம்னு அதுலயே போட்டிருக்காங்க."

பாய் ரேடியோ சத்தத்தைக் குறைத்தார். "சாப்ட்டுதானே போடுறீங்கம்மா?"

"உபவாசம் பாய். சாயங்காலம் வரைக்கும் வெறும் தண்ணிதான்."

"அப்போ மாத்திரை?"

"மாத்திரை சாப்பாடா பாய்?"

அவர் சிரித்துவிட்டார். "எங்க நோன்புல மாத்திரை முழுங்கினாலே நோன்பு முறிஞ்சிடும்மா. நீங்க வெறும் வயித்துல அதை முழுங்கிட்டு, பழியை மாத்திரை மேல போடுறீங்க! சாயங்காலம் கஞ்சி குடிச்சிட்டுப் போடுங்க."

அப்படியே செய்தேன். குமட்டல் இல்லை. பாட்டையும் ஒரு தடவை முழுசாகப் பாடிப் பார்த்துவிட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம், பாய்க்கு நன்றி.

ஒரே ஒரு சந்தேகம். இத்தனை நாள் நான் இருந்தது உபவாசமா, இல்லையா? போதகரிடம் கேட்கத் தைரியமில்லை, நீங்கள் சொல்லுங்கள்.