முனைக்கு நின்றவள்

பல் மருத்துவமனையின் பின்னறையில், பொய்ப்பல் செய்யும் மேஜையில், அவளுக்கு இருபத்தாறு வருடமாக வேலை. மருத்துவர் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அவள் அதில் மாவு ஊற்றி, மெழுகில் ஈறு செதுக்கி, பல் பதித்து, தேய்த்துப் பளபளப்பாக்கி, ஒரு சின்னப் பெட்டியில் போட்டு முன்னறைக்குத் தள்ளுவாள். பெட்டியின் மேல் எண் இருக்கும், பேர் இருக்காது. ஊரில் பாதிப் பேர் அவள் பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது.

தம்பி குடும்பம் மாடியில், அவள் கீழே. தம்பி படியேறும்போது "சாப்டாச்சாக்கா?" என்பான். பதில் வருவதற்குள் மேல்படிக்குப் போயிருப்பான். கெட்டவன் இல்லை, அவசரக்காரன். நாற்பத்தைந்து வயதில் அவள் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியபோதுதான் அவன் முதல்முறையாகப் படியில் நின்று பேசினான்.

"இந்த வயசுலயாக்கா?"

"இதைவிட நல்ல வயசு இனிமேலா வரப்போகுது?"

தம்பி மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணி, பின்னாடி உக்கார ஆள் வேணும்னா நான் இல்ல" என்றாள். யாரும் உட்காரவில்லை. பின் இருக்கையில் பையைக் கட்டினாள். அது ஆறு வருடத்துக்கு முன்.

அவள் சேர்ந்த கூட்டத்தில் பதினான்கு வண்டிகள். வருடத்துக்கு இரண்டு தரம், ஆயிரம் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் போய் வருவார்கள். முன்னால் போகிறவர் கேப்டன். மற்ற நாளில் காப்பீட்டு அலுவலகத்தில் விண்ணப்பங்களுக்கு முத்திரை குத்துகிறவர். கடைசியில் வருகிறவர் வால். அவர் மஞ்சள் சட்டை போட்டிருப்பார். நடுவில் கேப்டனுடைய மச்சான், ஒரு நர்ஸ், இன்னும் பலர். இவளுக்குப் பேர் பல்லக்கா.

வழி தவறாமல் இருக்க அவர்களுக்கு ஒரு முறை உண்டு. திருப்பம் வந்தால் கேப்டன் இடது கையைத் தரையைப் பார்த்து நீட்டுவார். இரண்டாவதாக வருகிற வண்டி அந்த முனையில் நின்றுவிட வேண்டும். நின்று, பின்னால் வருகிறவர்களுக்கெல்லாம் கை காட்ட வேண்டும். எல்லாரும் போன பிறகு மஞ்சள் சட்டை வரும். அது வந்ததும் அதற்கு முன்னால் நுழைந்துகொண்டு கிளம்பலாம். மஞ்சள் வரும்வரை, வானமே இடிந்து விழுந்தாலும் முனையை விட்டு அசையக் கூடாது. தங்கும் இடத்திலும் அதே கணக்குதான். மஞ்சள் உள்ளே வந்தால் எல்லாரும் வந்தாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் யாரும் தலை எண்ணுவதில்லை.

முனைக்கு நிற்பது யாருக்கும் பிடிக்காது. வரிசையின் கடைசிக்குப் போய் மற்றவர்களின் தூசியைத் தின்ன வேண்டும். பல்லக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் முன்னேறி முன்னேறி இரண்டாவது இடத்துக்கு வந்துவிடுவாள். "அக்காவுக்கு நல்ல மனசு" என்றார்கள். மனசெல்லாம் இல்லை. ஒரு வெறும் ரோட்டில், வெயிலில், தனியாக நிற்கும்போது, ஒருத்தர் தன்னைத் தேடிக் கட்டாயம் வருவார் என்பது அவளுக்கு வாழ்க்கையில் அங்கே மட்டும்தான் நிச்சயம். தூரத்தில் மஞ்சள் தெரியும். முகப்பு விளக்கு இரண்டு தரம் மின்னும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது பாவம் என்பார்கள். இரண்டில் எது மேல் என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை.

அன்று பயணத்தின் மூன்றாம் நாள். பதினொன்றேகால் மணிக்குக் கல்குவாரி பிரிவில் கேப்டன் கையை நீட்டினார். நேரே போனால் குவாரி, அதற்கப்புறம் ரோடு இல்லை. வலது பக்கம்தான் வழி. அவள் நின்றாள். பத்து வண்டிகள் போயின. மிச்சம் இரண்டு: மச்சானும் வாலும்.

பிரிவில் ஒரு பெரிய குடையின் கீழ் நாற்காலி போட்டு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். சாலைத் துறை ஆள். எந்தப் பக்கம் எத்தனை வண்டி போகிறது என்று கட்டம் போட்ட தாளில் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

அரை மணி கழித்து, "யாருக்காகம்மா நிக்கறீங்க?" என்றார்.

"பின்னாடி வர்றவங்களுக்கு வழி காட்ட."

"எத்தன பேரு?"

"ரெண்டு பேரு."

"ரெண்டு பேருக்கு ஒரு ஆளா? எங்க ஆபீஸ்ல நாலு ரோட்டுக்கே ஒரு ஆளுதான்."

பன்னிரண்டரை ஆனது. ஒரு மணியும் ஆனது. அவர் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தார். அவள் தண்ணீர் கொடுத்தாள். பஞ்சராக இருக்கும் என்று நினைத்தாள். இரண்டு பஞ்சராக இருக்கும். அவளுடைய கைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

இரண்டு மணிக்கு அவர் தன் போனை நீட்டினார். "இதுல டவர் கிடைக்கும். பேசுங்க."

"வேணாங்க. வந்துருவாங்க."

"வரலன்னா?"

"வருவாங்க."

போன் செய்திருக்கலாம்தான். ஆனால் செய்தால், அவர்களாகத் தேடி வருவார்களா என்பது தெரியாமலே போய்விடும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்திருக்கும். நர்ஸ் தண்ணீர்ப் பாட்டிலை நீட்ட இந்தப் பக்கம் திரும்பியிருப்பாள். யாராவது ஒருத்தர் "பல்லக்கா எங்க?" என்று கேட்டிருப்பார். கேட்டிருந்தால், அன்று தங்கும் விடுதியிலிருந்து இங்கே தொண்ணூறு கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அவள் மனதுக்குள் அவர்களைக் கிளப்பிவிட்டாள், பாலம் தாண்ட வைத்தாள், திருப்பத்தில் கொண்டுவந்தாள். திருப்பத்தில் ஒரு தண்ணீர் லாரி வந்தது. குடைக்காரர் ஒரு கோடு கிழித்தார்.

"உங்களை எந்தக் கட்டத்துல போடறதுன்னே தெரியலம்மா. போற வண்டிக்கு இருக்கு, வர்ற வண்டிக்கு இருக்கு. நிக்கற வண்டிக்கு இல்ல."

அவள் சிரித்தாள். வெயில் பின்கழுத்துக்கு வந்திருந்தது. நாலரை மணிக்குக் கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

மணி ஐந்தாறு தரம் அடித்தது. பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம், டம்ளர்கள் மோதும் சத்தம்.

"யாருங்க?" என்றார் கேப்டன்.

"நான்தான்."

"நான்தான்னா?"

"பல்லு."

"அக்காவா? என்ன புது நம்பர்? தூங்கி எந்திரிச்சாச்சா? கீழ வாங்க, டீ வந்தாச்சு."

"நான் கல்குவாரி பிரிவுல இருக்கேன்."

"அங்க என்ன பண்றீங்க?"

"முனைக்கு நிக்கறேன்."

அங்கே சிரிப்பு ஒவ்வொன்றாக அணைந்தது. கேப்டன் பேசினார், நிறுத்தினார், மறுபடி பேசினார். காலையில் டீ குடித்துக் கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே வாலின் கிளட்ச் கேபிள் அறுந்துவிட்டதாம். அவர் மஞ்சள் சட்டையைக் கழற்றி மச்சானிடம் கொடுத்துவிட்டு, வண்டியை வேனில் ஏற்றிக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டார். மச்சான் ரொம்பப் பின்தங்கிவிட்டான். போன் காட்டிய குறுக்கு வழியில் வந்து, அடுத்த திருப்பத்துக்குள் எல்லாரையும் பிடித்துவிட்டான். மஞ்சள் வந்துவிட்டது. எல்லாரும் வந்தாகிவிட்டது. நர்ஸ் மட்டும் மத்தியானம் ஒரு தரம் கேட்டாளாம். யாரோ, "அக்கா தூங்கறாங்க, எழுப்பாத" என்று சொன்னார்களாம்.

"அப்ப எனக்குப் பின்னாடி யாரும் இல்ல?"

"இல்லக்கா."

"காலைலேர்ந்தே?"

"காலைலேர்ந்தே." பிறகு அவசரமாக, "அங்கயே இருங்க. நாங்க வந்து கூட்டிட்டு வர்றோம்" என்றார்.

"வேணாம். வழி தெரியும்."

"வேணாமா?"

"வேணாம்."

"சரிக்கா."

அந்த 'சரிக்கா' கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டது. போனைத் துடைத்துக் கொடுத்தாள். குடைக்காரர் அவள் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டு, "பாத்துப் போங்கம்மா. இன்னிக்கு லாரி ஜாஸ்தி" என்றார்.

ஆறு வருடத்தில் முதல் தடவையாக, யாரும் வந்து விடுவிக்காமல் ஒரு முனையை விட்டுக் கிளம்பினாள். வழியில் திருப்பங்கள் வந்தன. கை காட்ட யாரும் நிற்கவில்லை. வண்டியை நிறுத்திப் பலகையைப் படித்துவிட்டுப் போனாள். பொழுது சாய்ந்ததும் எதிரில் விளக்குகள் வர ஆரம்பித்தன. வேண்டாம் என்று அவள்தான் சொன்னாள். இருந்தாலும் ஒவ்வொரு ஒற்றை விளக்குக்கும் வேகத்தைக் குறைத்தாள். ஒரு பால்காரர் போனார். ஒரு காதல் ஜோடி போனது. இரண்டு விளக்கில் ஒன்று எரியாத கார் ஒன்று அவளை நன்றாக ஏமாற்றியது.

விடுதி வாசலில் கேப்டன் நின்றுகொண்டிருந்தார். "கிளம்பிட்டோம்க்கா. சாவி போட்டாச்சு. நீங்கதான் வேணாம்னீங்க…"

"ஆமா. நான்தான் சொன்னேன்."

மச்சான் ஓடி வந்து கன்னத்தைக் காட்டினான். "அடிங்கக்கா. ரெண்டு அறை விடுங்க."

"பல்லு போனா நான்தான் கட்டணும். போய்ப் படு."

எல்லாரும் சிரித்தார்கள், தேவைக்கு மேலேயே. நர்ஸ் மட்டும் சிரிக்காமல் அவள் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

காலையில் கேப்டன் ஒரு தாளோடு வந்தார். இரவெல்லாம் யோசித்திருப்பார் போலிருக்கிறது, கண் சிவந்திருந்தது. இனிமேல் மஞ்சளை மட்டும் நம்புவதில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்புமுன் ஆளுக்கு ஒரு எண், வரிசையாகச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவளுக்கு ஒன்பது கிடைத்தது. பெட்டியின் மேல் ஒட்டுகிற எண் மாதிரி இருந்தது. முறை என்று பார்த்தால் நல்ல முறைதான்; இனி யாரையும் அப்படி விட முடியாது. அவளைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்ற வேண்டிய அவசியமும் இனி இல்லை.

வண்டிகள் உறுமிக்கொண்டு நின்றன. கேப்டன் "ஒண்ணு" என்றார். ரெண்டு, மூணு என்று எண்கள் வரிசையில் நகர்ந்து வந்தன. நர்ஸ் "எட்டு" என்றாள்.

பல்லக்கா வாயைத் திறக்கவில்லை.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நர்ஸ் திரும்பினாள். பத்தாவது ஆள் திரும்பினான். கேப்டன் இருக்கையிலிருந்து எழுந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, வரிசை நெடுக ஒவ்வொரு தலைக்கவசமாகத் தேடினார். மச்சான் வண்டியைவிட்டு இறங்கியே விட்டான். பன்னிரண்டு பேர் அவளைத் தேடினார்கள்.

அவள் அதைப் பார்த்தபடி இரண்டு மூச்சு இழுத்து விட்டாள். பிறகு, "ஒம்பது" என்றாள்.