அட்டை மயிலுக்கு எப்.சி.

கியரக்கா!

நடுரோட்டில் நின்று இப்படிக் கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். ஆனாலும் திரும்பிப் பார்ப்பாய். அதனால்தான் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டு ஆரம்பிக்கிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். தப்பும் தவறுமாகத்தான் எழுத வரும். திட்டாதே.

இனி மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கியரக்கா என் கூடப் பிறந்த அக்கா. வீட்டில் வைத்த பெயர் வேறு. பஸ்ஸில் கியர் மாற்றுகிற சத்தத்தை அப்படியே வாயால் போடுவாள். அதைக் கேட்டு எதிர்வீட்டு அண்ணனும் தம்பியும் வைத்த பெயர் இது. பிறகு ஊரே அப்படித்தான் கூப்பிட்டது.

எங்கள் வீடு கீழ்பென்னாத்தூரில், மெயின்ரோட்டை ஒட்டி. பாயில் படுத்திருந்தால் பஸ் போவது தரை வழியாக முதுகுக்கு வந்து சேரும். மத்தியானத் தூக்கத்தில் எனக்கு வந்த கனவெல்லாம் அப்படிக் கொஞ்சம் அதிர்ந்துகொண்டேதான் வரும். அக்கா கண்ணைத் திறக்க மாட்டாள். "திண்டிவனம் வண்டி. டீசல் கம்மியா இருக்குது, வயிறு காலியா ஓடுது பாரு" என்பாள். டீசல் கம்மி என்பது சத்தத்தில் எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நம்பினேன்.

சினிமாவுக்கு ரசிகர்கள் இருக்கிற மாதிரி பஸ்ஸுக்கும் உண்டு. எங்கள் ஊரில் நாங்கள் நாலு பேர். அக்கா, நான், எதிர்வீட்டு அண்ணன், தம்பி. ஆளுக்கு ஒரு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி அட்டையில் செய்வோம். நான் திருவண்ணாமலையில் பத்திரிகை அடிக்கிற பிரஸ்ஸில் அட்டை மடிக்கிற வேலைக்குப் போனதும் கல்யாணப் பத்திரிகை வேஸ்ட்டெல்லாம் எங்களுக்கு வந்தது. பஸ்ஸின் உள்பக்கம் எட்டிப் பார்த்தால் சுபமுகூர்த்தம் என்று தலைகீழாகத் தெரியும். சக்கரம் பழைய ரப்பர் செருப்பில் வெட்டினது. ஜன்னல் கம்பி துடைப்பக்குச்சி. ஹெட்லைட்டுக்கு மாத்திரைப் பட்டையில் இருக்கிற குமிழ்.

எங்களுடையது ஒரு பச்சை நிற பிரைவேட் பஸ். பின்கண்ணாடிக்குக் கீழே தோகை விரித்த மயில் வரைந்திருக்கும். அதனால் அதற்கு மயில் என்று பேர் வைத்துக்கொண்டோம். ஜன்னல் வெட்டுவது நான். பெயிண்டும் மயிலும் அக்கா. மயிலின் கால் மட்டும் அவளுக்கு வராது.

"கியரக்கா, இது மயிலா, கோழிக்கு விசிறி கட்டி வுட்டுக்கினயா?" என்று எதிர்வீட்டுத் தம்பி கேட்டான்.

"உன் வண்டிக்கு முன்சக்கரம் ஒரு சைஸு, பின்சக்கரம் ஒரு சைஸுல கீது. அது பஸ்ஸாடா, மாட்டுவண்டியா? மூடு."

அவனுக்கு வாய் மூடாது. அவளுக்கும் மூடாது. ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சிரிப்பார்கள்.

எல்லா பஸ்ஸும் வருஷத்துக்கு ஒரு தடவை எப்.சி. எடுக்கப் போகும். பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து, ஆபீசர் பார்த்து, ஓடலாம் என்று சர்டிபிகேட் வாங்கி வரும். அதுவரைக்கும் அந்த டைமுக்கு ஒரு ஸ்பேர் பஸ் ஓடும். ஸ்பேர் பஸ் வந்தால் அக்காவுக்குச் சாப்பாடு இறங்காது. மயில் திரும்பி வந்த அன்றைக்குச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். எந்தக் கோடு மாறியிருக்கிறது, எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று மனசில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் அட்டை பஸ்ஸையும் அதே மாதிரி மாற்றுவாள். அதுதான் அட்டை பஸ்ஸுக்கு எப்.சி. முடிந்ததும் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, வாயாலேயே ஹாரன் அடித்து நசுக்குவோம்.

ஒரு வருஷம் நான் சோம்பல்பட்டேன். "இருக்கிறதே நல்லாதான் இருக்குது, வுடேன்" என்றேன்.

"ரோட்டுல ஓடுற வண்டி மாறிடுச்சி. இது மாறலைன்னா அப்புறம் பொம்மை டி இது. நம்ம பொம்மையா செய்யறோம்?"

அவள் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு நான் அப்படிக் கேட்டதில்லை.

பிறகு ஒவ்வொருவராக விட்டுவிட்டோம். எதிர்வீட்டு அண்ணன் செல்போன் கடை வைத்தான். கேமரா வைத்த போன் வந்ததும் பஸ்ஸை அதில் படம் பிடித்துக்கொண்டான். தம்பி வேன் ஓட்டப் போனான். அக்காவும் நானும் மட்டும் வருஷா வருஷம் மயிலுக்கு எப்.சி. எடுத்துக்கொண்டிருந்தோம்.

போன மார்கழியில் அக்காவுக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சள். திருவண்ணாமலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஜன்னலுக்கு வெளியே ரோடு. விடிகாலைப் பனியில் ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும்தான் வரும். ஒருநாள் காலையில் மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

"மயில் இல்ல அது. ஸ்பேரு. எப்.சி.க்குப் போயிருக்குது."

"நீ தூங்கு."

"வந்ததும் நம்மளுதுக்கு எடுத்துடு டி."

"நீ வந்து எடு. எனக்கு மயிலு வராது."

"எனக்கு மட்டும் வந்துதா? கோழிதான வந்துது" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. அதற்கு மூன்றாவது நாள் போய்விட்டாள்.

மயில் திரும்பி வந்தது காரியம் முடிந்த மறுநாள். நான் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். பஸ் என்னைத் தாண்டியதும் பின்பக்கத்தைப் பார்த்தேன். பெயிண்டில் வரைந்த மயில் இல்லை. பளபளவென்று ஸ்டிக்கர் மயில். தலை வேறு பக்கம் திரும்பியிருந்தது.

அக்கா சொன்னபடி எப்.சி. எடுக்க வேண்டுமானால் அவள் கையால் வரைந்த மயிலை நான் மூட வேண்டும். அவள் கை பட்டது என்று என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். மூடாமல் விட்டால் அவள் சொன்ன மாதிரி பஸ் பொம்மையாகிவிடும். அட்டை பஸ் அலமாரி மேலேயே இருந்தது. அதன் கீழே பாய் போட்டுப் படுப்பேன். ரோட்டில் நிஜப் பஸ் போகும்போது மேலே அதன் துடைப்பக்குச்சிகள் லேசாக நடுங்கும். அக்கா ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். ஜன்னலோரம். எங்கே போகிறாய் என்று கேட்பதற்குள் தூங்கிப்போவேன்.

மாசி வரைக்கும் அப்படியே போனது. ஒருநாள் எதிர்வீட்டு அண்ணன் வந்து அலமாரியைப் பார்த்தான்.

"இன்னும் பழைய மயிலையே வச்சினு கீற? கியரக்கா இருந்தா உதைச்சிருக்கும்."

"மூட மனசு வரல அண்ணா."

"குடு, செல்லுல புது மயிலப் புடிச்ச போட்டாவக் கடையில குடுத்து ஸ்டிக்கரா அடிச்சினு வரேன். அச்சு அசலா இருக்கும்."

"வேணாம். கையாலதான் செய்யணும்."

"அப்ப செய்யேன்!" என்றான். கோபமாகத்தான் சொன்னான். ஆனால் போகிறபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு போனான்.

அன்றைக்குச் சாயங்காலம் எனக்கு ஒரு யோசனை வந்தது. மயில் இருக்கிற அட்டையை மட்டும் பிரித்து எடுத்துப் பத்திரமாக வைத்துவிடலாம். அந்த இடத்தில் புது அட்டை ஒட்டிவிடலாம். துணியை நனைத்து ஒரு மூலையில் வைத்து, மைதாப் பசை ஊறியதும் நகத்தால் தூக்கினேன். அட்டை கொஞ்சம் எழும்பியது. அதற்குக் கீழே இன்னொரு மயில் தோகையின் நுனி.

அதையும் லேசாகத் தூக்கினேன். கீழே இன்னொன்று. அதற்கும் கீழே ஒன்று. பச்சை மட்டும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் வேறு பச்சை. "நம்ம பஸ்ஸு வருஷா வருஷம் குண்டாகுது டி" என்று அவள் சொல்வாளே, அதற்குக் காரணம் இதுதான். நான் ஜன்னல் வெட்டுகிறவள், பின்பக்கத்தை அவள் எப்படிச் செய்கிறாள் என்று பார்த்ததே இல்லை. பழையதை அவள் ஒரு தடவைகூடப் பிய்க்கவில்லை, சுரண்டவில்லை. தான் வரைந்த மயிலைத் தானே ஒவ்வொரு வருஷமும் மூடியிருக்கிறாள். மூடிவிட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, சிரித்துக்கொண்டு ஹாரன் அடித்திருக்கிறாள்.

தூக்கிய மூலையில் பசை தடவி அழுத்தினேன். பசை காய்கிற வரைக்கும் விரலை எடுக்கவில்லை. அழுதேன். அதை மறைக்க ஒன்றும் இல்லை.

மறுநாள் பிரஸ்ஸிலிருந்து நல்ல அட்டையாக நாலைந்து எடுத்து வந்தேன். எதிர்வீட்டு அண்ணன் போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்ட, பார்த்துப் பார்த்து வரைந்தேன். மூன்று அட்டை வீணானது. வேன் நிறுத்திவிட்டு வந்த தம்பி எட்டிப் பார்த்தான்.

"கியரக்காவாச்சும் கோழி வரைஞ்சுது. இது காக்கா மாதிரி கீதே."

"நீ வந்து வரையேன்."

"மயிலெல்லாம் நமக்கு ஆவாது. ஆனா என் பழைய வண்டி பரண் மேலதான் கீது. எலி கடிச்சிடுச்சி. செருப்பு எதுனா கீதா, சக்கரம் வெட்ட?"

அக்காவின் செருப்பைக் கொடுத்தேன். யாருடையது என்று அவன் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியும். உட்கார்ந்து நாலு சக்கரமும் ஒரே சைஸில் வெட்டினான். அண்ணனும் போனை ஓரமாக வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தான். அவன் பஸ் எப்போதோ மழையில் ஊறிப் போய்விட்டது, முதலிலிருந்து செய்ய வேண்டும். அன்றைக்குப் பொழுது சாய்கிறவரை வெட்டுகிற சத்தமும், ரோட்டில் போகிற பஸ் சத்தமும்தான்.

என் காக்காயை அக்காவின் கோழி மேல் ஒட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று அட்டை பஸ்ஸையும் ஸ்டாப்பில் வரிசையாக நிறுத்தி எலுமிச்சம்பழம் வைத்தோம். கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போதே நிஜ மயில் வந்து நின்றது. டிரைவர் அண்ணன் தலையை வெளியே நீட்டினார்.

"தங்கச்சி, எப்.சி. ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு அண்ணா."

"சத்தம் போட ஆளு இல்லையே" என்றார். பிறகு அவரே ஹாரனை நீளமாக அடித்தார். அந்தச் சத்தத்தில் நாங்கள் பழத்தை நசுக்கினோம்.

நான் அட்டை மயிலை மடியில் வைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கடலைக்கொல்லைகள் தாண்டி, பனிக்கு மேலே மலை மட்டும் மிதக்கிற மாதிரி தெரிகிற இடம் வந்ததும் பஸ்ஸில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இதைப் படிக்கிற நீங்களும் திருவண்ணாமலைக்கு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அப்படி ஓர் இடத்தில் மலையைப் பார்ப்பீர்கள். கன்னத்தில் போட்டுக்கொள்ளும்போது எங்கள் கியரக்காவையும் சேர்த்து வேண்டிக்கொள்ளுங்கள். அவளுக்கு ஜன்னலோர சீட்டு கிடைக்க வேண்டும். அது போதும்.