ஆஸ்பத்திரி யூனிபார்ம்

தையல்காரி முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுக் கடை நடத்தினாள். கடைக்குப் பெயர்ப்பலகை எழுதும்போது, 'உரிமையாளர்' என்று புருஷன் பெயரைப் போடச் சொன்னது அவளேதான். வீட்டில் முணுமுணுப்பு வராது, வெளியிலும் மதிப்பு என்று நினைத்தாள்.

பலகையைப் பார்த்து ஆஸ்பத்திரி மேனேஜர் வந்தார். நர்சுகளுக்கு வருஷா வருஷம் யூனிபார்ம் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். அவளையல்ல, ஊசியில் நூல் கோக்கத் தெரியாத புருஷனை. பெயர் அவனுடையதாயிற்றே!

உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்த அவள் காதில் அது விழுந்தது. துணைக்கு இரண்டு பெண்களைச் சேர்த்தால் தாராளமாக முடியும். மனசு அதற்குள் துணியே வெட்ட ஆரம்பித்துவிட்டது.

"அதெல்லாம் சரிப்படாது சார். சின்ன வேலையே போதும் நமக்கு" என்றான் அவன்.

டீயோடு வந்து நின்றவள், ஆண்கள் பேச்சில் குறுக்கிடக் கூடாதென்று பழக்கப்பட்ட வாயை மூடிக்கொண்டாள். "டீ பிரமாதம்மா" என்று பாராட்டிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

"ஏங்க, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீ நாள் முழுக்க மெஷின்ல உக்காந்தா சோறு யார் ஆக்குறது? அந்த மேனேஜரா?"

"ஏன், உங்களுக்கும் ரெண்டு கை இருக்கே!"

நல்ல பதில்தான். மேனேஜர் இருக்கும்போதே வாயைத் திறந்திருக்கலாம்.

ஆர்டர் வேறெங்கோ போயிற்று. அக்குளில் கைக்குழி இறுக்குகிறதென்று அந்த யூனிபார்ம்களை நர்சுகள் இப்போது அவளிடம்தான் கொண்டுவருகிறார்கள். அவள் பிரித்துத் தைத்துக்கொண்டிருக்கிறாள்.