யாரும் மிதிக்காத மிதியடிகள்

1. கடைசி பீரியட்

பள்ளி திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. மழை விட்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, கடைசி பீரியடுக்கு கிராஃப்ட் அறைக்குள் போனால் நாலே நாலு பேர் இருந்தார்கள். அவர்களும் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பின்பக்கத்து முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் எல்லோரும் கிணற்றடியில் ஒரு பெண்ணைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பச்சைத் தென்னோலை குவிந்து கிடந்தது. ஒரு கூடையில் வாத்துக் குஞ்சுகள் வேறு.

வாத்துக் குஞ்சோடு நான் எப்படிப் போட்டி போடுவேன்?

என் பெயர் விசாலம். கொச்சி மட்டாஞ்சேரியில் ஓர் எய்டட் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் கிராஃப்ட் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். என் பாடம் வாசலில் போடும் கயிற்று மிதியடி. எங்கள் ஊரில் சவிட்டி என்போம். ஆணி அடித்த மரச் சட்டத்தில் தேங்காய்நார்க் கயிற்றை இழுத்துக் கட்டி, வரிசை வரிசையாக முடிச்சுப் போட்டு, கடைசியில் ஓரம் பின்னி எடுக்க வேண்டும். ஓரம் ஒரு விரற்கடை கோணினாலும் பிரித்துவிட்டு மறுபடி செய்யச் சொல்வேன்.

நேரே ஹெட்மாஸ்டரிடம் போனேன். அவர் பாலக்காட்டுக்காரர். என்னோடு தமிழில்தான் பேசுவார்.

"டீச்சர் தப்பா எடுத்துக்கப்படாது. பி.டி.ஏ.காராளோட ஐடியா. கொழந்தேளுக்கு ஓலை முடையறது, கப்பைக் கெழங்கு நடறது, வாத்து வளக்கறது எல்லாம் தெரியட்டும்னு. வாரத்துல ஒரு நாள்தானே."

"என்னோட பீரியட்லயா சார்?"

"யாருக்கு எது வேணுமோ அதுக்குப் போகட்டும்னு விட்டேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார். "ஒண்ணு சொல்றேன். உங்க க்ளாஸ்ல கொழந்தேள் கொறஞ்சா, மேனேஜ்மென்ட் உங்கள ரெண்டு ஸ்கூலுக்குமா பங்கு வெச்சுடும். பாத்துக்கோங்கோ."

ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது பஸ் பிடித்து இன்னொரு பள்ளிக்கு ஓட வேண்டுமா? அந்தப் பயம் ஒரு பக்கம். ஆனால் உண்மையில் என்னை அரித்தது பயம் இல்லை. முற்றத்திலிருந்து வந்த சிரிப்புச் சத்தம்தான். என் அறையில் அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்லை.

2. சேச்சி

அவள் பெயர் செல்வி. கட்டட வேலைக்காகத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவள் பிறந்தது சுள்ளிக்கல்லில். இடப்பள்ளி மாலில் ஒரு துணிக்கடையில் சேல்ஸ் சூப்பர்வைசராக இருந்தவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, இடக்கொச்சியில் கணவன் வீட்டில் இருந்துகொண்டு ஓலை முடையவும் வாத்து வளர்க்கவும் கற்றுக்கொண்டாளாம். பரம்பரைத் தொழில் ஒன்றும் இல்லை. நேற்று வந்த வித்தை. அதை விசாரித்துத் தெரிந்துகொண்டதில் எனக்கு ஒரு அற்ப திருப்தி.

பிள்ளைகள் அவளை "செல்வி சேச்சி", அதாவது செல்வி அக்கா, என்றார்கள். அத்தனை வருடத்தில் என்னை யாரும் டீச்சர் என்பதைத் தவிர வேறெதுவும் கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனாலும் அந்தச் சேச்சி என் காதில் முள் மாதிரிக் குத்தியது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஏதோ வேலை இருப்பதுபோல் கிணற்றடிக்குப் போனேன். அவள் முடைந்து வைத்திருந்த ஒரு கீற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இழைக்கும் இழைக்கும் நடுவே விரல் நுழைந்தது.

"செல்வி, இது தளர்ந்திருக்கே."

"ஆமா டீச்சரே. எனக்கு அத்தர நீட்டா வராது. கோழிக்கூட்டு மேல போட இது மதி, போதும்." மலையாளம் கலந்த தமிழில் சொல்லிவிட்டு ஒரு பையனிடம் திரும்பினாள். "டேய், நீ முடைஞ்சது என்னோடதவிட நல்லாருக்குடா. டீச்சர்ட்ட காட்டு."

அவன் காட்டினான். அவள் சொன்னது உண்மைதான். அந்தப் பையன் என் சட்டத்தில் இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு ஓரம் ஒழுங்காகப் பின்னியதில்லை. கடையில் சேலை விற்கிற சாமர்த்தியத்தில் பிள்ளைகளை மயக்கிவிட்டாள் என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் சொன்னேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆமோதிக்கவும் இல்லை.

3. நஸ்ரின்

என் வகுப்பில் நல்ல கை என்று சொன்னால் நஸ்ரின்தான். தமிழ் பேசுகிற ராவுத்தர் வீட்டுப் பெண். அவள் வாப்பா பஜார் ரோட்டில் மூட்டை ஏற்றுகிற வேலை பார்த்தார். ஒவ்வொரு வருடமும் நடக்கிற உபஜில்லா மேளாவில், அதாவது பக்கத்துப் பள்ளிகள் எல்லாம் சேரும் கைவினைப் போட்டியில், பிள்ளைகள் நடுவர்கள் முன்னாலேயே உட்கார்ந்து பொருளைச் செய்து காட்ட வேண்டும். மிதியடிக்கு நஸ்ரினைத்தான் மனதில் வைத்திருந்தேன்.

ஒரு நாள் அவள் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"டீச்சர், இந்த வருஷம் நான் ஓலைக்கு நிக்கட்டா?"

"ஏன், சவிட்டிக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல டீச்சர். ஓலையில செஞ்சத வீட்டுக்குக் கொண்டு போலாம்ல."

"சவிட்டியைக் கொண்டு போகக்கூடாதுன்னு நான் சொன்னேனா?"

அவள் என் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். பிள்ளைகள் செய்த மிதியடிகளை எல்லாம் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டுவதற்காக அதில்தான் பூட்டி வைப்பேன். அவளுடைய அக்கா செய்து முதல் பரிசு வாங்கிய மிதியடி பரிசுச் சீட்டோடு அப்படியே இருந்தது. அக்காவுக்குக் கல்யாணம் ஆகி ஒரு பிள்ளையும் பிறந்துவிட்டது.

"சரி, உன் இஷ்டம்," என்றேன். குரலில் இஷ்டம் இல்லை என்பது அவளுக்குப் புரிந்திருக்கும். இருந்தாலும் போய்விட்டாள்.

4. மேளா

மேளா வேறொரு பள்ளியின் ஹாலில் நடந்தது. பிள்ளைகளைக் கூட்டிப் போக ஒரு ஆள் போதும். செல்வி போகிறாள் என்று கேள்விப்பட்டதும் நானும் வருவேன் என்று ஹெட்மாஸ்டரிடம் அடம்பிடித்துப் போனேன்.

மிதியடிக்கு அனில் என்ற பையனை உட்கார வைத்திருந்தேன். அவனுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. நஸ்ரினுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் முடைந்த தடுக்கு ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. ரிசல்ட்டைப் படித்தபோது என் மனதில் ஒரு குளிர்ச்சி பரவியது. என்னிடம் இருந்திருந்தால் ஜெயித்திருப்பாள் என்று செல்விக்குக் கேட்கும்படியே சொன்னேன்.

"ஆமா டீச்சரே, உங்ககிட்ட இருந்தா ஜெயிச்சிருப்பா," என்றாள் செல்வி. அவ்வளவுதான். சண்டைக்குக்கூட வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அனில் தன் மிதியடியையும் சர்டிஃபிகேட்டையும் என் கையில் கொடுத்தான். "டீச்சர், அலமாரில வெச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு ஐஸ் வண்டியைப் பார்த்து ஓடினான். நான் அவற்றைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். எதிரே ஒரு வாகை மரத்தடியில், தோற்றுப்போன அந்தத் தடுக்கைத் தரையில் விரித்து அதன் மேல் உட்கார்ந்து நஸ்ரின் வாழையிலையில் கட்டிய பொதிச்சோறு தின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் செல்வி. தடுக்கு இருவருக்கும் போதவில்லை. ஒருத்தியை ஒருத்தி இடித்துத் தள்ளிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

என் வேலையில் அதைப்போல ஒரு பொறாமையை நான் முன்னும் பின்னும் அனுபவித்ததில்லை. பரிசு என் கையில் இருந்தது. எனக்கு வேண்டியிருந்தது அந்த மரத்தடியில் ஓர் இடம்.

5. வாசல் அளவு

திங்கட்கிழமை அலமாரியைத் திறந்து மிதியடிகளை வெளியே எடுத்தேன். இதைப் பெருந்தன்மை என்று எண்ண வேண்டாம். செல்வியிடம் இருப்பது எனக்கும் வேண்டும் என்கிற ஆத்திரம்தான். இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்ட என்ன இருக்கும் என்று ஹெட்மாஸ்டர் கவலைப்பட்டார். வீடு வீடாகப் போய்ப் பார்க்கட்டும் என்றேன்.

பள்ளியில் படிக்கிறவர்களுக்கு அவரவர் மிதியடியைக் கொடுத்தேன். படித்து முடித்துப் போனவர்களுடையதைத் தம்பி தங்கைகளிடம் கொடுத்தனுப்பினேன். பிறகு பிள்ளைகளிடம், "இனிமே அவங்கவங்க வீட்டு வாசப்படிய நூல் வெச்சு அளந்துட்டு வாங்க. அந்த அளவுக்குத்தான் கட்டப் போறோம்," என்றேன். மட்டாஞ்சேரிச் சந்து வீடுகளில் ஒரு வாசல் போல் இன்னொரு வாசல் இருக்காது. நாலு பேர் நூலோடு வந்தார்கள். அடுத்த வாரம் இன்னும் சிலர். ஓரம் கோணினால் பிரிக்கச் சொல்லத்தான் நாக்கு துடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு, "வீட்ல கேளு. அம்மா பிரிக்கச் சொன்னா பிரி," என்பேன். ஒரு அம்மா பிரித்தே ஆக வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். அவளை எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

என் வகுப்பு நிரம்பி வழியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் கடைசிவரை கிணற்றடியில்தான். ஆனால் என்னை இரண்டு பள்ளிக்குப் பங்கு வைக்கும் பேச்சு நின்றது. நஸ்ரினும் திரும்பி வந்து ஒரு மிதியடி கட்டினாள். முடித்துவிட்டு மறுபடி ஓலைக்கே போய்விட்டாள்.

ஒருமுறை செல்வி அறை வாசலில் வந்து நின்றாள். "டீச்சரே, அந்த ஓரம் கட்டறது எனக்கும் காட்டித் தர்றீங்களா? பக்கத்து வீட்டுக்காரம்மா எல்லாம் கேக்கறாங்க." மனம் இல்லாமல்தான் உட்கார வைத்தேன். கையைப் பிடித்துக் காட்டினேன். வேகமாகப் பிடித்துக்கொண்டாள். அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

இப்போது அந்த அறையில் தினக்கூலிக்கு அவள்தான் இருக்கிறாள். ஓலையும் அவளே, கயிறும் அவளே. எந்தக் கடையில் நல்ல கயிறு கிடைக்கும் என்று போன் செய்து கேட்பாள். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்கும். கேட்டதைச் சொல்லி முடித்த பிறகும் போனை உடனே வைக்க மாட்டேன்.

புதிதாக வேலைக்கு வருகிற டீச்சர்களுக்கு நான் சொல்ல முடிவது இவ்வளவுதான். உங்களைவிடப் பிள்ளைகளுக்குப் பிடித்த ஒருத்தி வருவாள். பொறாமை வரும். அது போன பிறகு ஏதாவது செய்யலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தால் அந்த அலமாரி இன்றைக்கும் பூட்டியேதான் இருந்திருக்கும்.