கல்வெட்டில் இல்லாத தங்கை

சச்சிதானந்தன் 1958இல் சுன்னாகத்தில் பிறந்தார். 1985இல் சுவிஸ் வந்தார். ஓல்டன் முதியோர் இல்லமொன்றில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றினார். 2025 மாசியில் காலமானார். உடன்பிறந்தவர் ஒருவர்: ஓஸ்டர்முண்டிகனில் வாழும் தங்கை மனோகரி.

இல்லத்தில் இருந்த முதிய ஆசிரியர் ஒருவர் கொடுத்த நூலில் அமெரிக்காவின் நான்டிகோக் மக்களைப் பற்றிப் படித்தார். 1792இல் யாரோ குறித்துவைத்த சில நூறு சொற்களே அவர்கள் மொழியில் எஞ்சின. பிற்காலப் பதிவேடுகள் அவர்களில் பலரைப் பூர்வகுடி என்று குறிக்காமல் வேறு இனமாக எழுதின. அச்சொற்களை இவர் பதினொரு ஆண்டுகள் தமிழ்ப் பொருளோடு படியெடுத்தார்.

"ஆக்களைக் கொல்லத் தேவையில்லை, சயந்தன். பதிவில மாத்தி எழுதினால் காணும்," என்பார். மருத்துவமனையில் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "என்ர கல்வெட்டில மனோகரி இருக்கவேணும்."

முப்பத்தோராம் நாளில் வழங்கும் நினைவு நூலையே நாங்கள் கல்வெட்டு என்கிறோம். எங்கள் குடும்பத்துக்கு அதைத் தொகுப்பவன், அவருடைய ஒன்றுவிட்ட தம்பியான நான். மனோகரி, குடும்பம் ஏற்காத சாதியில் மணம் முடித்தவர்.

வரைவைப் பார்த்த சச்சிதானந்தனின் மனைவி சிவமலர், "தம்பி, மனோகரியின்ர பேரை எடுங்கோ. மகள் ரிஷானிக்கு லாங்கன்தாலில சம்பந்தம் கதைக்கிறம். அவை முதல்ல வம்ச மரத்தைத்தான் பாப்பினம்," என்றார்.

"கூடப் பிறந்தவவெல்லோ, மச்சாள்?"

"ஓம், அது எங்களுக்குத் தெரிஞ்சால் காணும். அந்த அமெரிக்க ஆதிவாசியளின்ர கதையை வேணுமெண்டால் இன்னும் ரெண்டு பக்கம் போடுங்கோ. படிச்ச மனிசன் எண்டு தெரியட்டும்."

மறுத்தேன். சிவமலர் தாமே திருத்தி அச்சகத்துக்கு அனுப்பினார்.

மண்டபத்தில் வடையும் பாயசமும் பரிமாறும்போதே நூல் கைக்குக் கை மாறியது. அழிக்கப்பட்ட மக்களுக்காக வருந்தி நான்கு வழவழப்பான பக்கங்கள். வம்ச மரத்தில் சச்சிதானந்தன் ஒரே பிள்ளை. பின்னட்டையில், "தொகுப்பு: சயந்தன்."

மனோகரி மரத்தை இருமுறை பார்த்தார். "அண்ணன் சொன்னவர், நீர் இந்தமுறை போடுவீர் எண்டு."

மறுத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. அவர்களுடைய தாயாரின் கல்வெட்டில், 1998இல், அதே கிளையை வெட்டியது என் பேனை. அன்று என்னிடம் யாரும் இருமுறை சொல்லவேண்டியிருக்கவில்லை.

எங்கள் அச்சுப் பதிவில் மனோகரி பிறவாதிருக்கும் காலம்: இருபத்தேழு ஆண்டுகள்.